எந்த வரிசையிலும்

பெக்ஃபீல்ட்
5 ஜூலை 2024

டேரில்,

அம்மாவையும் என்னையும் அந்தப் படத்துக்குள்ளேயே விட்டுவிட்டு ஓடிப்போனவன் நீ. எட்டு வருடமாக யாரும் இதை உன்னிடம் சொல்லவில்லை. அதனால் நான் சொல்கிறேன். கிறிஸ்துமஸ் அட்டையின் பின்னால் உன் முகவரி இருக்கிறது, போன் நம்பர் மட்டும் இருப்பதே இல்லை. அண்ணனிடம் பேச தபால்தலை ஒட்டுகிற ஒரே ஆள் இந்த ஊரில் நானாகத்தான் இருக்கும்.

விஷயம் இதுதான். பதினோராம் வகுப்புத் தேர்வு முடிந்தது. செப்டம்பரில் சிக்ஸ்த் ஃபார்ம். இரண்டு வருடம், மூன்று பாடம். நம் வீட்டில் அந்தப் படியை மிதிக்கும் முதல் ஆள் நான். சேரும் முன் ஒரு நாள் வகுப்புகளில் சும்மா உட்கார்ந்து பார்க்கலாம் என்று போன செவ்வாய்க்கிழமை கூப்பிட்டிருந்தார்கள். என் பட்டியல் அம்மா சொன்னபடி: உடல்நலப் பராமரிப்பு, சமூகவியல், ஆங்கிலம். மதியம் ஒரு மணி நேரம் காலி. வெளியே மழை. திறந்திருந்த ஒரு அறைக்குள் போய் உட்கார்ந்தேன். சினிமா பாடம்.

மிஸ் ஃபாசெட் விளக்கை அணைத்தார். "நாலு நிமிஷம் போடுறேன். குத்தவாளி யாருன்னு கடைசியில சொல்லுங்க."

குரல் வந்ததுமே தெரிந்துவிட்டது, நம் தெருவைப் பற்றி டிவியில் வந்த அதே ஆவணப்படம், 'கடைசித் தெரு'. 'பெக்ஃபீல்டில் காலை பத்து மணி. மூன்று வயது டெமிக்கு இதுதான் காலை உணவு.' தள்ளுவண்டியில் நான், கையில் புட்டி. அது கோலா என்று நாடே பேசியது. கறுப்புத் திராட்சைச் சாறு என்று அம்மா இன்றைக்கும் கடைக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அடுத்து நீ. கல்லை எடுக்கிறாய், வீசுகிறாய். பஸ் கண்ணாடி நொறுங்குகிறது. நீ சிரிக்கிறாய்.

"அந்தப் பயதான் மிஸ்."

"மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே. எங்க அப்பா அவனுக்கு ஒரு பேரே வச்சிருக்காரு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்தேன் என்பதை மறைக்கவில்லை. சிரிக்காவிட்டால் திரும்பிப் பார்ப்பார்கள்.

மிஸ் படத்தைப் பின்னால் ஓட்டினார். "அவனப் பாக்காதீங்க. மரத்தப் பாருங்க."

நீ கல் வீசும்போது உன் பின்னால் உள்ள மரம் மொட்டை. நீ சிரிக்கும்போது அதே மரத்தில் இலை, உன் நெற்றியில் இலை நிழல். அந்தப் படத்தை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன்? பள்ளிக்கூடத்தில் அதைப் போனில் போட்டு என் முகத்துக்கு நேரே நீட்டாத ஆள் இல்லை. ஒரு தடவைகூட நான் மரத்தைப் பார்த்ததில்லை, டேரில். ஒரு தடவைகூட.

வெளியே வந்து படிவத்தில் பராமரிப்பை அடித்துவிட்டு சினிமா என்று எழுதினேன். கூடவே தனி ஆய்வு என்று ஒன்று உண்டு. வகுப்பு கிடையாது. நாமே ஒரு கேள்வியை எடுத்து, நாமே தேடி, ஐயாயிரம் வார்த்தையில் எழுத வேண்டும். பாதிப் பாடத்துக்குச் சமம். என் கேள்வி: 'கடைசித் தெரு' படத்தில் மொட்டை மரத்துக்கும் இலை மரத்துக்கும் நடுவில் என்ன நடந்தது?

ஆய்வில் யாரையாவது அடையாளம் தெரியும்படி எழுதினால் அவர்கள் கையெழுத்து வேண்டுமாம். செப்டம்பர் இருபதுக்குள் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் கேள்வியை ஏற்கமாட்டார்கள். படிவம் உள்ளே இருக்கிறது. கோட்டின் மேல் கையெழுத்துப் போடு. பின்பக்கம், அந்தக் கல்லை எதன்மேல் எறிந்தாய் என்று எழுது. சின்ன வேலைதான்.

டெமி


லெர்விக்
16 ஜூலை

டெமி,

நான் ஓடவில்லை. இந்தத் தீவுக்குக் கப்பலில் பதின்மூன்று மணி நேரம் வாந்தி எடுத்துக்கொண்டே வந்தேன். அதற்கு ஓட்டம் என்று பெயர் வைத்தால் வைத்துக்கொள்.

கையெழுத்துப் போடமாட்டேன்.

உனக்கு அது பாடம். எனக்கு அது முகம். உனக்கு மதிப்பெண் வரும், எனக்கு மறுபடியும் கல் வரும். படம் டிவியில் வந்த மறுவாரம் போலீஸ் வந்தது. அதற்கடுத்த வாரம் தலைமையாசிரியர் கூப்பிட்டார். "உன்னப் பத்தி நாட்டுக்கே தெரிஞ்சுபோச்சு தம்பி. இனி உன்ன இங்க வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணட்டும்?" பள்ளி வெளியேற்றிய பையன்களுக்கென்று தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு கொட்டகை. பதினோரு பையன்கள், ஒரு பில்லியர்ட்ஸ் மேசை, கோல் ஒன்றுதான். அங்கே மூன்று வருடம். எந்தப் பாடம் வேண்டும் என்று கட்டம் போட்ட காகிதத்தை யாரும் என் கையில் கொடுக்கவில்லை. நீ ஒன்றை அடித்து ஒன்றை எழுதி விளையாடுகிறாய். விளையாடு. என்னை விட்டுவிடு.

இங்கே நான் டேரில் காக்ஸன் இல்லை. டேரில் ஹோல்ட். இது அம்மாவின் கல்யாணத்துக்கு முந்தைய பெயர் என்று என்னோடு வாழ்கிற ஐலாவுக்கு மட்டும் தெரியும். ஏன் மாற்றினேன் என்று அவளுக்கும் தெரியாது. போன குளிர்காலத்தில் அந்தப் படத்தை எந்தச் சேனலோ மறுபடி போட்டது. ஐலாவின் அப்பா மாக்னஸ் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து பார்த்தார். "இந்த மாதிரிப் பயலுகளக் கூட்டிட்டுப் போய் கடல்ல தள்ளணும்" என்றார். நான் அவருக்கு கிரேவியை நகர்த்திக் கொடுத்தேன். தாடி இருப்பதால் பிழைத்தேன். அவர் படகில்தான் நான் கடலில் மீன் வளர்க்கும் கூண்டுகளுக்குப் போகிறேன். வேலை அவர் கொடுத்தது.

உன் மிஸ்ஸிடம் ஒன்று கேள். உன்னிடம் என் கையெழுத்துக் கேட்கிறார்களே, அந்த அம்மாள் என் முகத்தைச் சுவரில் போட்டுக் குற்றவாளி யார் என்று கேட்கிறாளே, அதற்கு யாரிடம் கையெழுத்து வாங்கினாள்?

மரம் விஷயம் எனக்குத் தெரியும். நான்தானே அங்கே நின்றவன். கல் எறிந்தது மார்ச் மாதம், ஓடையில் கிடந்த பழைய வாஷிங் மெஷின்மேல். பஸ் உடைந்த அன்று நான் பள்ளியில் இருந்தேன். தெரிந்துகொண்டாய். இதை அம்மாவிடம் கொண்டுபோகாதே. பராமரிப்புப் பாடத்தை எடு. கிழவர்கள் எப்போதும் இருப்பார்கள், வேலையும் இருக்கும்.

டேரில்


பெக்ஃபீல்ட்
29 ஜூலை

டேரில்,

அம்மாவிடம் கொண்டுபோகாதே என்று எழுதினால் கொண்டுபோவேன் என்பதுகூடத் தெரியாத அளவுக்கு நீ என்னை மறந்துவிட்டாய்.

முதலில் மிஸ். பருவத்தின் கடைசி நாள் போய்க் கேட்டேன், நீ எழுதியபடியே. அவர் நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்துக்கொண்டிருந்தார். நான் யார் என்றும் சொன்னேன். கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்து அதிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"தள்ளுவண்டியில இருந்த குழந்தையா நீ?"

"ஆமா மிஸ். அது கோலா இல்ல."

"ஒம்பது வருஷமா அத போட்டுக் காட்டுறேன். அந்தப் பையன் பக்கம் நின்னு பேசறதாத்தான் நெனச்சிட்டிருந்தேன். அவனுக்கு ஒரு வீட்டு முகவரி இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல."

தனி ஆய்வில் மேற்பார்க்கும் ஆசிரியர் பதில் சொல்லக்கூடாது, கேள்வி மட்டும்தான் கேட்கலாம் என்று விதி. எதைக் கேட்டாலும் "நீ என்ன நெனக்கிற?" என்று திருப்பிக் கேட்டு உயிரை வாங்குவார்கள். அன்றைக்கு அவரிடம் திருப்பிக் கேட்கவும் கேள்வி இல்லை. இனி அந்தப் படத்தைப் போடமாட்டேன் என்றார். நான் ஆய்வைக் கைவிட வேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை.

அடுத்து அம்மா. சிங்கில் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். பாடத்தை மாற்றிவிட்டேன் என்றேன்.

"சினிமாவா? ரெண்டு வருஷம் படிச்சிட்டு பாப்கார்ன் விக்கப் போறியா? அதுக்குப் படிப்பே வேணாமேடி."

"நீ முதியோர் இல்லத்துல பாக்குற வேலைக்கு நான் படிக்கணுமாக்கும்."

"நான் பாக்குற வேலையாலதான் நீ திங்கற. நாலு பெருசுங்கள நான் இன்னிக்கு கழுவிவிட்டேன். அதுல ஒண்ணு உன் ஸ்கூல்ல ஹெட்மாஸ்டரா இருந்தது."

இதுவரை வழக்கமான சண்டைதான். ஆய்வு எதைப் பற்றி என்று கேட்டாள். பஸ்ஸைப் பற்றி என்றேன். தோல் சீவுகிற கத்தியைத் தண்ணீருக்குள் போட்டாள். ஷிஃப்டுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. கோட்டை எடுக்காமல், கதவைச் சாத்தாமல் போய்விட்டாள். எங்கே போனாள் என்று தெரியாது.

அதனால் டிராயரைத் திறந்தேன். பாய்லர் காகிதங்கள் இருக்குமே, அதேதான். அடியில் டிவிக்காரர்களின் ஒப்புதல் படிவம் இரண்டு இருந்தது. முதலாவது 2011 மார்ச் 8, வழக்கமானது. இரண்டாவது ஜூன் 21. ஒரே ஒரு வரி தட்டச்சு: 'ஏற்கெனவே எடுத்த காட்சிகளை எந்த வரிசையிலும் பயன்படுத்த ஒப்புக்கொள்கிறேன்.' கீழே அம்மா கையெழுத்து. அதற்கும் கீழே உன்னுடையது. டேரில், வயது 13. பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கால்பந்து வரைந்திருக்கிறாய்.

படம் எடுப்பவர்கள் ஒரே மாதிரிப் படிவத்தை ஏன் இரண்டாம் தடவை கொண்டுவருகிறார்கள்? எந்த வரிசையிலும் என்று ஏன் தனியாகக் கேட்கிறார்கள்? ஜூன் மாதத்தில் எதைப் பார்த்துச் சிரித்தாய்? அந்த பஸ்ஸை உடைத்தது யார்? நீ இல்லை என்றால் நீ இல்லை என்று பதின்மூன்று வருடமாக ஏன் சொல்லவில்லை?

இவையெல்லாம் என் ஆய்வுக் குறிப்பேட்டில் இருக்கின்றன. எப்போதெல்லாம் மனதை மாற்றுகிறோமோ அப்போதெல்லாம் காரணத்தோடு எழுத வேண்டும். இந்த மாதம் மட்டும் ஏழு பக்கம் ஆகிவிட்டது.

டெமி


லெர்விக்
11 ஆகஸ்ட்

டெமி,

அடுத்தவர் டிராயரைக் கிளறுவதற்கு ஆராய்ச்சி என்று பெயரா? இதற்குப் பாதிப் பாடம் மதிப்பெண் தருகிறார்களா? பலே.

கோபத்தில் இரண்டு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். இது மூன்றாவது. தீவனக் கணக்குத் தாளின் பின்பக்கம்தான் கிடைத்தது. மீன் வாடை அடித்தால் பொறுத்துக்கொள்.

சிரிப்பைக் கேட்டாயே, சொல்கிறேன். ஜூலியன் என்று ஒருவன். அந்தப் படத்துக்கு அவன்தான் எல்லாம். தோளில் ஸ்வெட்டரைக் கட்டிக்கொண்டு திரிவான். என்னை 'பார்ட்னர்' என்று கூப்பிடுவான். அவன் ஜூன் மாதம் வேனிலிருந்து ஒரு சிவப்பு சைக்கிளை இறக்கினான். "உனக்குத்தான் பார்ட்னர்." அதைப் பார்த்துச் சிரித்தேன். நாடே காறித் துப்பிய அந்தச் சிரிப்பு, ஒரு பையன் சைக்கிளைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு. சைக்கிளை வெட்டிவிட்டார்கள், சிரிப்பை வைத்துக்கொண்டார்கள். இதை நீ ஐயாயிரம் வார்த்தையில் எழுதினால் யார் நம்புவார்கள்? சைக்கிள் வாங்கிக்கொண்டுதானே சிரித்தான் என்பார்கள். அதுவும் உண்மைதான்.

பஸ்ஸை யார் உடைத்தால் என்ன? யாரோ. பதின்மூன்று வருடம் ஆகிறது. அந்த டிரைவர் மனிதனே இல்லை. காய்ச்சலில் கிடக்கிற குழந்தையோடு நிற்கிறவளை மழையில் இறக்கிவிட்டுக் கதவைச் சாத்துகிறவனுக்கு ஒரு கண்ணாடி போதாது. இரண்டு உடைத்திருக்க வேண்டும். எவன் உடைத்தானோ அவனுக்கு என் வாழ்த்து. அத்தோடு விடு.

இந்த வாரம் கூண்டுகளில் பேன் விழுந்திருக்கிறது. மீனுக்குத்தான், எனக்கில்லை. பதினாலு மணி நேர வேலை. மாக்னஸுக்கு முழங்கால் போய்விட்டது, படகை நான்தான் ஓட்டுகிறேன். "நீ வந்தது நல்லதாப் போச்சுடா" என்று நேற்று சொன்னார். அவர் வாயிலிருந்து இது வர ஏழு வருடம் ஆகியிருக்கிறது. இதை நான் எதற்காக எழுதுகிறேன் என்று உனக்குப் புரிய வேண்டும்.

அந்த இரண்டு காகிதத்தையும் எரித்துவிடு.

டேரில்


பெக்ஃபீல்ட்
23 ஆகஸ்ட்

டேரில்,

பஸ் உடைந்த அன்று நான் பள்ளியில் இருந்தேன் என்று ஜூலையில் எழுதினாய். ஆகஸ்டில் மழை, காய்ச்சல் குழந்தை, சாத்திய கதவு எல்லாம் வருகிறது. பள்ளியில் இருந்தவனுக்கு யார் சொன்னது? அந்தக் காய்ச்சல் குழந்தை யார் என்று கண்டுபிடிக்க எனக்குக் குறிப்பேடு தேவைப்படவில்லை. நம் வீட்டில் மூன்று வயதில் தள்ளுவண்டியில் இருந்தது ஒரே ஒரு ஆள்தான்.

நேற்று தேர்வு முடிவு. ஆங்கிலத்தில் ஒன்பதுக்கு ஏழு, சமூகவியலுக்குப் போதுமான மற்றதெல்லாம் உண்டு. கணக்கில் மூன்று. அதை மறுபடி எழுத வேண்டும். முடிவை வாங்கிக்கொண்டு அப்படியே சிக்ஸ்த் ஃபார்மில் போய்ச் சேர வேண்டும். அம்மா வேலை யூனிஃபார்மோடு வந்துவிட்டாள், என்னை நம்பாமல். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் கட்டம் போட்ட தாளைத் திருப்பிக் காட்டினாள்.

"சினிமாவும் பராமரிப்பும் ஒரே பத்தியில, ஒரே நேரத்துல வருது கண்ணு. ரெண்டுல ஒண்ணுதான்."

"பராமரிப்பு" என்றாள் அம்மா.

"சினிமா" என்றேன் நான்.

"சேரப்போறது யாரு?" என்றாள் அந்தப் பெண். பின்னால் அறுபது பேர் வரிசையில் நின்றார்கள். அம்மா என்னை முறைத்தாள். நான் சினிமாவில் டிக் போட்டேன். தனி ஆய்விலும் போட்டேன். பேனாவை அம்மா வாங்கி மேசைமேல் வைத்தாள், மெதுவாகத்தான்.

வீட்டுக்கு வர பஸ் நிறுத்தத்தில் நின்றோம். எந்த நிறுத்தம் என்று உனக்குத் தெரியும். உன் கடிதம் பையில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். செய்திருக்கக் கூடாது என்று இப்போது தோன்றுகிறது, அப்போது தோன்றவில்லை. அம்மா கண்ணாடி போடாமல் தள்ளிப் பிடித்து வாசித்தாள். இரண்டு பஸ் வந்து போனது.

"நான்தான்டி எறிஞ்சேன்."

அவள் சொன்னபடியே எழுதுகிறேன். எனக்கு நூற்று நான்கு டிகிரி. டாக்டரிடம் போக பஸ் ஏறினாள். உள்ளே ஏற்கெனவே இரண்டு தள்ளுவண்டி. மடித்துவிட்டு ஏறு என்றான் டிரைவர். முன்சக்கரம் சிக்கிக்கொண்டு மடியவில்லை. உங்களை மாதிரி ஆட்களுக்கு இதே வேலை என்று சொல்லிக் கீழே இறக்கிக் கதவைச் சாத்தினான். அவள் குனிந்து கையில் கிடைத்ததை எடுத்தாள். எதிர்ச்சாரியில் ஜூலியனின் வேன் நின்றது. எல்லாம் படமாகிவிட்டது.

சாயங்காலம் அவன் வீட்டுக்கு வந்திருக்கிறான். "இது வெளிய வந்தா குழந்தைங்க ரெண்டு பேரையும் அரசாங்கம் கூட்டிட்டுப் போயிடும். எனக்கு அதுல விருப்பம் இல்ல. ஆனா கண்ணாடி உடையற காட்சி எனக்கு வேணும். யாராவது எறியணும். உங்க பையன் எறியறது நம்மகிட்ட ஏற்கெனவே இருக்கு. சின்னப் பையன், அவன யாரும் ஒண்ணும் பண்ணமாட்டாங்க." இப்படிச் சொல்லிவிட்டு ஒரு பாக்கெட் பிஸ்கட்டும் கொடுத்தானாம்.

அதற்கு அப்புறம் நடந்ததுதான் எனக்குப் பிடிபடவில்லை. "அவனே சரின்னான்டி" என்றாள் அம்மா. "நான் கேக்கவே இல்ல. அவனாதான் சொன்னான். நான் எறிஞ்சதா இருக்கட்டும்மான்னு அவனாதான் சொன்னான்." மூன்று தடவை சொன்னாள். யாரும் மறுக்காதபோது ஒரு விஷயத்தை மூன்று தடவை எதற்குச் சொல்ல வேண்டும்?

நீ சொல். அவள் உன்னைக் கேட்டாளா, நீயாகச் சொன்னாயா?

டெமி


லெர்விக்
3 செப்டம்பர்

டெமி,

கணக்கில் மூன்று வாங்கியது கேவலம். ஒரு கூண்டுக்கு எத்தனை மீன், ஒரு மீனுக்கு எவ்வளவு தீவனம், தண்ணீர் குளிர்ந்தால் எவ்வளவு குறைக்க வேண்டும் என்று நான் தினமும் மனக்கணக்காகப் போடுகிறேன், அதுவும் பில்லியர்ட்ஸ் கொட்டகையில் படித்துவிட்டு. அந்தத் தேர்வை ஒழுங்காக எழுதித் தொலை.

சினிமா பாடம் படிக்க வேண்டுமென்றால் படி. தேர்ந்தெடுத்தது நீ, நன்றாகத்தான் செய்வாய். ஆய்வை மாற்று. சால்மன் மீனைப் பற்றி எழுது. ஐயாயிரம் வார்த்தை என்ன, இருபதாயிரம் நான் சொல்கிறேன். எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

அம்மாவுக்கு நாற்பத்தெட்டு வயது. ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. இது வெளியே போனால் அங்கே ஒரு நாள் வைத்திருக்கமாட்டார்கள். ஜூலியன் மாதிரி ஆட்களுக்கு ஒன்றும் ஆகாது, அவன் இப்போது எங்கேயோ பரிசு கொடுக்கும் இடத்தில் இருப்பான். நீ வெட்டப்போவது யார் கழுத்தை என்று பார்த்துக்கொண்டு வெட்டு.

படிவத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

டேரில்


பெக்ஃபீல்ட்
12 செப்டம்பர்

டேரில்,

படிவம் வந்தது. மடிப்பு நான்கு தடவை பிரித்து மடித்த மாதிரி இருக்கிறது. கோடு காலி. சால்மன் மீனைப் பற்றியெல்லாம் எழுதியிருக்கிறாய், கேட்ட ஒரு வரிக்குப் பதில் இல்லை. மிஸ் ஃபாசெட் தேவலை, அவர் விதிப்படி பதில் சொல்லாமல் இருக்கிறார்.

வகுப்பு தொடங்கிவிட்டது. பதினான்கு பேர். உனக்குப் பட்டப்பேர் வைத்த அந்த அப்பாவின் மகன் எனக்குப் பக்கத்தில் உட்காருகிறான், பெயர் ஹார்வி. முதல் வாரம் படத்துண்டுகளை வெட்டி ஒட்டச் சொன்னார்கள். ஒரே ஆள் கதவைத் திறப்பது, ஒரு நாய், ஒரு தட்டு. ஹார்வி வரிசையை மாற்றி அந்த ஆளை நாயைத் தின்ன வைத்துவிட்டான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு நான் கழிவறையில் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். அவ்வளவு சுலபம், டேரில். ஒரு நிமிட வேலை.

இன்னொரு செய்தி. நான் மேசைமேல் விட்டுப்போன காலிப் படிவம் ஒன்றை அம்மா எடுத்து நிரப்பி வைத்திருக்கிறாள். 'அடையாளம் காணக்கூடிய நபர்' என்ற இடத்தில் தன் பெயர். கையெழுத்து. தேதி.

"வேலை போயிடும்மா."

"போனாப் போகட்டும். மூத்திரத்தக் கழுவ எங்க போனாலும் ஆள் கேப்பாங்க."

"அவன் வேணாங்கறான்."

"அவன் அப்பவும் எனக்காகத்தான் பேசுனான். இப்பவும் எனக்காகத்தான் பேசுறான். நான் எப்பத்தான் அவனுக்காகப் பேசறது?"

சொல்லிவிட்டு எனக்கு சாண்ட்விச் கட்டினாள், ஓரத்தை வெட்டாமல். நான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். பதின்மூன்று வயதுப் பையனிடம் போய், நீ எறிந்ததாக இருக்கட்டும் என்று கேட்டவளா இவள்? கேட்காதவளா? எனக்குத் தெரியவில்லை. ஒரே வீட்டில் இருக்கிறேன். அவள் கட்டிக்கொடுத்ததைத் தின்கிறேன். தெரியாமல் எப்படித் தின்பது?

ஆய்வுக் கேள்வியை மாற்றிவிட்டேன். மரம் போய்விட்டது. பஸ்ஸும் போய்விட்டது. அதெல்லாம் எனக்குத் தெரியும். இப்போது படிவத்தில் இருப்பது: 'பதின்மூன்று வயதுப் பையனின் ஒப்புதலை யார் வாங்கினார்கள்?' ஏன் மாற்றினாய் என்று குறிப்பேட்டில் காரணம் எழுத வேண்டும். அந்தப் பக்கத்தைக் காலியாக விட்டிருக்கிறேன், உனக்காக.

மாக்னஸைப் பற்றி நீ பயப்படுவது புரிகிறது. உன் ஊர் பெயர், ஹோல்ட் என்ற பெயர், மீன், எதுவும் வராது. எழுதித் தருகிறேன், நானும் கையெழுத்துப் போட்டு. இந்தக் குடும்பத்தில் யாராவது ஒருத்தி சொன்ன வார்த்தையைக் காப்பாற்றட்டும்.

புதுப் படிவம் உள்ளே. இருபதாம் தேதி வெள்ளிக்கிழமை. கப்பல் தாமதமாகும் என்று சொல்லாதே, வானிலையைப் பார்த்துவிட்டேன்.

டெமி


பெக்ஃபீல்ட்
22 செப்டம்பர்

டேரில்,

வெள்ளிக்கிழமை போய்விட்டது. உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. மிஸ் என் படிவத்தை அலுவலகத்துக்கு அனுப்பாமல் தன் மேசையிலேயே ஒரு வாரம் வைத்திருக்கிறேன் என்றார். "இது பதில் இல்ல, கால அவகாசம். விதியில இதப் பத்தி ஒண்ணும் இல்ல" என்றார். 27ஆம் தேதிக்கு மேல் அவராலும் முடியாது.

அதுகூட இப்போது பெரிதில்லை. நான் மீனைப் பற்றியே எழுதிவிடுகிறேன், போ.

அம்மா ஒரு வாரமாகத் தபால்காரர் வரும் நேரத்துக்கு ஷிஃப்டை மாற்றிக்கொண்டிருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை, அவள் வேலை அட்டவணை குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறது. நேற்று வந்தது பீட்ஸாக் கடை விளம்பரம் மட்டும். அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

"அவன்தான் சொன்னான்னு மூணு தடவ சொன்னியேம்மா. பின்ன எதுக்கு அவன் கடுதாசிக்குக் காத்திருக்க?"

திரும்பவில்லை. விளம்பரத்தைச் சின்னதாக மடித்துக்கொண்டே போனாள்.

"பதிமூணு வருஷமா எனக்குள்ளயே அப்படித்தான் சொல்லிட்டிருக்கேன். சொல்லிச் சொல்லி அப்படித்தான் ஞாபகம் இருக்கு. அந்தச் சமையக்கட்டுல அன்னிக்கு யார் மொதல்ல வாயத் தொறந்தாங்கன்னு எனக்கே தெரியலடி. அவனக் கேளு."

கேட்கிறேன். கையெழுத்து வேண்டாம், படிவத்தைக் கிழித்துப்போடு. அந்தச் சமையலறையில் இருந்தது நீங்கள் மூன்று பேர். ஒருவன் பொய் சொல்பவன், ஒருத்திக்கு நினைவில்லை. மிச்சம் நீ.

அம்மா உன்னைக் கேட்டாளா, நீயாகச் சொன்னாயா? ஒரு வரி எழுது.

டெமி